அடி விழும் முன்பே அடிக்கலாமா? தடுப்புப் போர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 ஜூன் 13 அன்று ஈரானின் அணு நிலையங்கள் மீதும் தளபதிகளின் வீடுகள் மீதும் இஸ்ரேல் குண்டு வீசியது. "அவர்கள் அணுகுண்டு செய்யும் முன் முந்திக்கொண்டோம்" என்பது இஸ்ரேல் சொன்ன காரணம். அன்று முதல் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்ல முயன்றிருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போர் பற்றிய சட்டத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. அதை மீறுகிறவரை மற்றவர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்பதுதான் மாறியிருக்கிறது.

தடுப்புப் போர் என்றால் என்ன? முந்தித் தாக்குவதும் அதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. எதிரியின் படை எல்லையில் குவிந்துவிட்டது, விமானங்களில் குண்டு ஏற்றியாகிவிட்டது, இன்றோ நாளையோ அடிக்கப் போகிறான் என்பதற்குக் கண்முன்னே சான்று இருக்கிறது. அந்த நிலையில் அவனுக்கு முன் நாம் அடித்தால் அது முந்தித் தாக்குதல்.

தடுப்புப் போரில் எதிரி இன்னும் கையை ஓங்கவே இல்லை. அவனிடம் அந்த ஆயுதமே இல்லாமலும் இருக்கலாம். ஐந்து வருடத்திலோ பத்து வருடத்திலோ பலசாலி ஆகிவிடுவான், அப்போது சமாளிக்க முடியாது, இப்போதே கதையை முடித்துவிடுவோம் என்ற கணக்கில் தொடங்கும் போர் அது.

முள்மரத்தை இளசிலேயே வெட்டிவிடு என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதனால் இந்த வாதம் நம் காதுக்கு நியாயமாகவே படும். ஆனால் இங்கே அது முள்மரம்தானா என்று தீர்ப்பு சொல்கிறவனும் அரிவாளை எடுக்கிறவனும் ஒரே ஆள். வெட்டிய பிறகு அது வேறு மரம் என்று தெரிந்தால் ஒட்ட வைக்கவும் முடியாது.

இன்னொன்று: தடுப்புப் போர் தொடுக்கும் எந்த அரசும் அதை அந்தப் பெயரால் அழைப்பதில்லை. எல்லோருமே முந்தித் தாக்கியதாகத்தான் அறிக்கை விடுவார்கள். தொலைக்காட்சி விவாதங்களில் அந்த அறிக்கையை அப்படியே எடுத்து வாசித்துவிடுவதால்தான் பாதிக் குழப்பம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1945 ஜூன் 26 அன்று சான் பிரான்சிஸ்கோவில் கையெழுத்தாகி, அக்டோபர் 24 முதல் நடைமுறையில் இருக்கும் ஐ.நா. சாசனம்தான் அடிப்படை. அதன் 2ஆவது பிரிவின் 4ஆம் உட்பிரிவு, எந்த உறுப்பு நாடும் இன்னொரு நாட்டின் மீது படைபலத்தைப் பயன்படுத்தவோ, பயன்படுத்துவதாக மிரட்டவோ கூடாது என்கிறது. இதற்கு இரண்டே விலக்குகள். ஒன்று, பாதுகாப்பு கவுன்சில் அனுமதித்தால். மற்றது, 51ஆவது பிரிவு தரும் தற்காப்பு உரிமை. அந்தப் பிரிவின் வாசகத்திலேயே "ஆயுதத் தாக்குதல் நிகழ்ந்தால்" என்று இருக்கிறது. நிகழக்கூடும் என்று இல்லை. அந்த உரிமையைப் பயன்படுத்தும் நாடு உடனே கவுன்சிலுக்குத் தெரிவிக்கவும் வேண்டும்.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் இருந்தது. 1928இல் பாரிஸில் போட்ட ஒப்பந்தத்தில் நாடுகள் போரைக் கைவிடுவதாக ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தன. பிரிட்டிஷ் இந்தியாவும் கையெழுத்திட்டது. ஜெர்மனியும்தான். அதே ஜெர்மனி 1940இல் நார்வேக்குள் நுழைந்தது. பிரிட்டன் அங்கே காலூன்றுவதைத் தடுக்கவே போனோம் என்று ஜெர்மன் தலைவர்கள் நியூரம்பெர்க் விசாரணையில் வாதாடினார்கள். 1946இல் வந்த தீர்ப்பு அதை ஏற்கவில்லை. தற்காப்பு என்று ஒருவர் சொல்லிக்கொண்டால் போதாது, அது உண்மையா என்று பிறர் விசாரிக்க முடிய வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு.

அப்படியானால் முதல் குண்டு நம் தலையில் விழும்வரை கைகட்டி நிற்க வேண்டுமா?

சாசனத்தை எழுத்துக்கு எழுத்து படிக்கும் சட்ட அறிஞர்கள் சிலர் ஏறக்குறைய அப்படித்தான் சொல்வார்கள். பெரும்பாலானவர்கள் ஒரு சிறிய சந்து இருப்பதை ஒப்புக்கொள்கிறார்கள். அந்தச் சந்தின் அகலத்தை அளந்து வைத்தது, எல்லோரும் மறந்துபோயிருக்க வேண்டிய ஒரு சின்னக் கப்பல்.

1837இல் கனடாவில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராகக் கலகம். நயாகரா ஆற்றில் ஒரு தீவில் தங்கியிருந்த கலகக்காரர்களுக்கு அமெரிக்கக் கரையிலிருந்து ஆளும் பொருளும் கொண்டுபோய்க் கொடுத்தது 'கரோலின்' என்ற நீராவிப் படகு. டிசம்பர் 29 இரவு பிரிட்டிஷ் தரப்பினர் ஆற்றைக் கடந்து அமெரிக்க எல்லைக்குள் போய், படகைப் பிடித்து, தீ வைத்து, அருவியை நோக்கி மிதக்க விட்டார்கள். ஓர் அமெரிக்கர் இறந்தார். தற்காப்பு என்றது பிரிட்டன். அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த டேனியல் வெப்ஸ்டர் 1841இல் எழுதிய கடிதத்தில், அப்படிச் சொல்ல வேண்டுமானால் ஆபத்து உடனடியானதாக இருக்க வேண்டும், வேறு வழி இல்லாததாக இருக்க வேண்டும், யோசிக்க ஒரு கணம்கூட இடம் தராததாக இருக்க வேண்டும் என்று அளவுகோல் வைத்தார். அடித்தாலும் தேவைக்கு மேல் அடிக்கக் கூடாது என்பதும் அதில் சேர்ந்தது.

இன்றுவரை முந்தித் தாக்குதல் பற்றிய வாதங்கள் எல்லாமே இந்த அளவுகோலைச் சுற்றித்தான் நடக்கின்றன. தடுப்புப் போர் எந்தக் கோணத்தில் வைத்துப் பார்த்தாலும் அதற்குள் அடங்காது. ஐந்து வருட ஆபத்தை யோசிக்க ஐந்து வருடம் இருக்கிறது.

1967இல் இஸ்ரேல் எகிப்தை முதலில் அடித்ததே, அது?

முந்தித் தாக்குதலுக்குப் பாடநூல் உதாரணமாக எல்லோரும் காட்டுவது அதைத்தான். அந்த மே மாதம் எகிப்து அதிபர் நாசர் சினாயில் படையைக் குவித்தார், ஐ.நா. அமைதிப் படையை வெளியேறச் சொன்னார், டிரான் நீரிணையை இஸ்ரேல் கப்பல்களுக்கு மூடினார். ஜூன் 5 காலை இஸ்ரேல் விமானங்கள் எகிப்தின் விமானப் படையைத் தரையிலேயே அழித்துவிட்டன. காஸாவில் ஐ.நா. படையில் இருந்த இந்திய வீரர்கள் சிலரும் அந்தப் போரில் பலியானார்கள். இஸ்ரேலை ஆக்கிரமிப்பாளர் என்று கண்டிக்கச் சோவியத் யூனியன் எடுத்த முயற்சி பொதுச்சபையில் தோற்றது.

பாடநூல் உதாரணம் அவ்வளவு சுத்தமாக இல்லை. எகிப்துதான் முதலில் நகர்ந்தது என்றே இஸ்ரேல் அன்று பாதுகாப்பு கவுன்சிலில் சொன்னது. பின்னாளில், 1982இல், பிரதமர் பெகின் ஓர் உரையில், சினாயில் இருந்த எகிப்துப் படை நாசர் தாக்கப் போகிறார் என்பதற்குச் சான்றாகாது, நாம்தான் தாக்க முடிவெடுத்தோம் என்று வெளிப்படையாகவே பேசினார்.

அமெரிக்கா எப்போதுமே தடுப்புப் போரை ஆதரித்து வந்ததா?

இல்லை. இது பலருக்கு வியப்பாக இருக்கும். 1950இல் கடற்படைச் செயலர் பிரான்சிஸ் மேத்யூஸ், சமாதானத்துக்காக நாமே போரைத் தொடங்கலாம் என்ற பொருளில் பேசினார். சோவியத் யூனியனிடம் அணுகுண்டு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அதிபர் ட்ரூமன் அவரைக் கண்டித்தார். தடுப்புப் போரில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை என்று நாட்டு மக்களிடமும் சொன்னார். அதே பாணியில் பேசிய விமானப் படைத் தளபதி ஒருவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். 1954இல் ஐசனோவரிடம் கேட்டபோது, அப்படி ஒரு யோசனையோடு யாராவது வந்தால் காது கொடுத்தே கேட்க மாட்டேன் என்றார். இவர் இரண்டாம் உலகப் போரை நடத்திய தளபதி.

1962இல் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பது தெரிந்தபோது நடந்தது இன்னும் சுவையானது. உடனே குண்டு வீசுங்கள் என்று தளபதிகள் சொன்னார்கள். ஜப்பான் பேர்ல் ஹார்பரில் சொல்லாமல் வந்து அடித்ததுபோல் நாமும் அடிப்பதா என்று கேட்டார் அதிபரின் தம்பி ராபர்ட் கென்னடி. கடைசியில் கடல்வழியை மறித்தார்கள். அதற்குக்கூட 51ஆவது பிரிவைத் துணைக்கு அழைக்காமல் அமெரிக்க நாடுகள் அமைப்பின் தீர்மானத்தைக் காட்டினார்கள். தற்காப்பு என்று இன்று நாம் நீட்டினால் நாளை வேறு யார் யாரோ நீட்டுவார்கள் என்ற கவலை வெளியுறவுத் துறையின் சட்ட ஆலோசகர்களுக்கு இருந்தது. அந்தக் கவலை எவ்வளவு நியாயமானது என்பது 2022இல் தெரிந்தது. அதைப் பிறகு பார்ப்போம்.

சீனா? அது அணுகுண்டு செய்யும் முன் அதன் நிலையங்களை அடிப்பது பற்றி கென்னடி, ஜான்சன் அரசுகள் யோசித்தன. சோவியத் தரப்பிடமும் நூல்விட்டுப் பார்த்தன. கடைசியில் அடிக்கவில்லை. 1964 அக்டோபர் 16 அன்று சீனா குண்டை வெடித்தது. எட்டு வருடம் கழித்து நிக்சன் பெய்ஜிங்கில் மாவோவோடு கை குலுக்கினார்.

ஈராக்கின் ஒசிராக் அணு உலைத் தாக்குதலை ஏன் எல்லோரும் குறிப்பிடுகிறார்கள்?

அணு உலை ஒன்றை முற்றிலும் எதிர்கால ஆபத்தைக் காரணம் காட்டி ஒரு நாடு அழித்தது, அதை உலகமே ஒரே குரலில் கண்டித்தது, இரண்டும் ஒரே மாதத்தில் நடந்தன. அதனால்தான்.

1981 ஜூன் 7 அன்று எட்டு எஃப்-16, ஆறு எஃப்-15 விமானங்கள் இஸ்ரேலிலிருந்து கிளம்பி பாக்தாத் அருகே பிரான்ஸ் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்த ஒசிராக் உலையை நொறுக்கின. ஈராக் வீரர்கள் பத்துப் பேரும் ஒரு பிரெஞ்சுக்காரரும் இறந்தனர். உலை இன்னும் இயங்கத் தொடங்கவில்லை. ஈராக் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் இருந்தது. சர்வதேச அணுசக்தி முகமையின் கண்காணிப்பும் இருந்தது. இஸ்ரேல் அந்த ஒப்பந்தத்தில் இல்லை. எங்களை அழிக்க நினைக்கும் எவரும் பேரழிவு ஆயுதம் செய்ய விடமாட்டோம் என்று பெகின் அறிவித்தார். அவருக்கு அந்த மாதக் கடைசியில் தேர்தலும் இருந்தது.

ஜூன் 19 அன்று பாதுகாப்பு கவுன்சில் 487ஆம் தீர்மானத்தை ஏகமனதாக நிறைவேற்றித் தாக்குதலைக் கடுமையாகக் கண்டித்தது. அமெரிக்காவும் கை தூக்கியது. தீர்மானத்தின் வாசகத்தை அமெரிக்கத் தூதர் ஜீன் கிர்க்பாட்ரிக்கும் ஈராக் வெளியுறவு அமைச்சரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தார்கள் என்பதை இன்றைய நிலையில் நம்புவதே கடினம். இஸ்ரேலின் அணு நிலையங்களையும் சர்வதேசக் கண்காணிப்பில் வைக்க வேண்டும் என்று அந்தத் தீர்மானம் சொன்னது. பிரிட்டனில் தாட்சர், இது சர்வதேசச் சட்டத்தின் பெரும் மீறல் என்றார். தண்டனை எதுவும் இல்லை, உண்மைதான். ஆனால் இது தப்பு என்று சொல்வதில் யாருக்கும் தயக்கம் இருக்கவில்லை.

பத்து வருடத்தில் காற்று திசை மாறியது. 1991 வளைகுடாப் போர் முடிந்த பின், அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் டிக் செனி, தாக்குதலின்போது இஸ்ரேல் விமானப் படைத் தளபதியாக இருந்த டேவிட் இவ்ரிக்கு நொறுங்கிய உலையின் செயற்கைக்கோள் படத்தை, நன்றி எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினார்.

அந்தத் தாக்குதல் பலித்ததா இல்லையா?

செனியைக் கேட்டால் பலித்தது. 1991இல் ஈராக்குக்குள் போன ஐ.நா. ஆய்வாளர்கள் கண்டதைப் பார்த்தால் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. ஒசிராக் போன பிறகு சதாம் உசேன் திட்டத்தை நிலத்தடிக்குக் கொண்டுபோனார். வீட்டுக்காவலில் வைத்திருந்த இயற்பியலாளர் ஜாஃபர் தியா ஜாஃபரை வெளியே விட்டுப் பொறுப்பைக் கொடுத்தார். பணமும் ஆளும் பல மடங்கு பெருகின. யுரேனியத்தைச் செறிவூட்டும் பெரிய ரகசிய ஏற்பாடே இருந்ததை ஆய்வாளர்கள் பிறகுதான் கண்டுபிடித்தார்கள். அதாவது, கண்காணிப்பில் இருந்த உலை போய், யார் கண்ணிலும் படாத திட்டம் வந்தது. தாக்குதல் நடக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள்.

மற்ற நாடுகள் கற்றுக்கொண்ட பாடமும் கணக்கில் சேர வேண்டும். ஆயுதம் இல்லாத ஈராக் 2003இல் தாக்கப்பட்டது. 2003 டிசம்பரில் அணுத் திட்டத்தைக் கைவிட்ட லிபியாவின் கடாஃபி 2011இல் நேட்டோ குண்டுவீச்சுக்கு நடுவே வீழ்ந்தார். 2006இல் குண்டை வெடித்துக் காட்டிய வட கொரியா மீது யாரும் கை வைக்கவில்லை. தடுப்புப் போர் யாரைத் தடுக்கிறது, யாரை அவசரப்படுத்துகிறது என்பதை இந்த மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்து நீங்களே முடிவு செய்யலாம்.

2003 ஈராக் போர் இந்த விதிகளை உடைத்ததா?

உடைக்க முயன்றது. 2002 ஜூன் 1 அன்று வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கழகத்தில் அதிபர் புஷ், ஆபத்து முழுதாக உருவாகும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும் என்றார். அந்தச் செப்டம்பரில் வெளியான தேசியப் பாதுகாப்பு உத்தி, 'உடனடி ஆபத்து' என்ற கருத்தையே புதிய காலத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டும் என்றது. எப்போது, எங்கே அடி விழும் என்று தெரியாவிட்டாலும் முன்கூட்டியே செயல்படலாமாம். வெப்ஸ்டரின் அளவுகோலைக் கையில் எடுத்து, இதுவும் அதுதான் என்று சொல்லிக்கொண்டே வேறொன்றை வைத்துவிட்டார்கள்.

ஆனால் போருக்குப் போகும்போது அமெரிக்காவே இந்தக் கோட்பாட்டை நம்பி வழக்காடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 2002 நவம்பர் 8 அன்று 15க்கு 15 என நிறைவேறி, ஆயுதங்களைக் கைவிட ஈராக்குக்குக் கடைசி வாய்ப்பு தந்த 1441ஆம் தீர்மானத்தையும், அதற்கு முன் 1990, 91இல் வந்த தீர்மானங்களையும் சேர்த்துக் கட்டித்தான் அமெரிக்காவும் பிரிட்டனும் சட்ட வாதம் செய்தன. பிரிட்டனின் அரசுத் தலைமை வழக்கறிஞர் கோல்ட்ஸ்மித் 2003 மார்ச் 7 அன்று பிரதமர் பிளேருக்குக் கொடுத்த ரகசியக் கருத்துரையில், உடனடி அல்லாத ஆபத்தை முன்கூட்டியே தாக்கும் உரிமை என்ற ஒன்று சர்வதேசச் சட்டத்தில் இல்லவே இல்லை என்று எழுதியிருந்தார். கூட்டாளியின் வழக்கறிஞரே இப்படி! வெளியுறவுத் துறையின் துணைச் சட்ட ஆலோசகர் எலிசபெத் வில்ம்ஷர்ஸ்ட், இது ஆக்கிரமிப்புக் குற்றம் ஆகும் என்று கடிதம் எழுதிவிட்டு வேலையை விட்டார்.

ஐ.நா. ஆயுத ஆய்வாளர் ஹான்ஸ் பிளிக்ஸும் அணுசக்தி முகமையின் தலைவர் எல்பராதேயும் ஆய்வை முடிக்க இன்னும் சில மாதம் கேட்டார்கள். நைஜரிலிருந்து ஈராக் யுரேனியம் வாங்க முயன்றதாகக் காட்டிய ஆவணங்கள் உண்மையானவை அல்ல என்று எல்பராதே கவுன்சிலில் போட்டு உடைத்தார். போருக்கு வழிவிடும் இரண்டாவது தீர்மானத்துக்கு ஆதரவு கிடைக்காது என்று தெரிந்ததும் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, மார்ச் 20 அன்று தாக்கினார்கள். பேரழிவு ஆயுதக் கிடங்கு எதுவும் கிடைக்கவில்லை என்று அமெரிக்கா அனுப்பிய ஆய்வுக் குழுவே 2004இல் அறிக்கை கொடுத்தது. அந்தப் போர் சாசனப்படி சட்டவிரோதம் என்று ஐ.நா. பொதுச்செயலர் கோஃபி அன்னான் அதே ஆண்டு சொன்னார். 2016 ஜூலை 6 அன்று வெளியான பிரிட்டனின் சில்காட் அறிக்கை, மற்ற வழிகள் தீர்ந்துபோகும் முன்பே போருக்குப் போனார்கள் என்றது.

அதற்குப் பிறகு ஐ.நா. ஏதாவது விதியை மாற்றியதா?

யோசித்தது, மாற்றவில்லை. அன்னான் நியமித்த உயர்நிலைக் குழு 2004 டிசம்பரில் அறிக்கை தந்தது. ஆபத்து உடனடியானது என்றால் தற்காப்பு செல்லும். அப்படி இல்லாத எதிர்கால ஆபத்து என்றால் சான்றுகளோடு பாதுகாப்பு கவுன்சிலுக்கு வாருங்கள், அங்கே அனுமதி வாங்குங்கள் என்பது குழுவின் முடிவு. ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் எல்லோருக்கும் விட்டுக்கொடுத்ததாகும் என்றும் எழுதினார்கள். 2005 டிசம்பரில் காங்கோ–உகாண்டா வழக்கில் சர்வதேச நீதிமன்றமும், தன் பாதுகாப்பு நலன் என்று ஒரு நாடு கருதுவதைக் காக்கவெல்லாம் 51ஆவது பிரிவு படைபலத்துக்கு அனுமதி தராது என்றது.

பிறகு எங்கேதான் மாற்றம் வந்தது?

மௌனத்தில். 2007 செப்டம்பர் 6 அன்று சிரியாவின் தேர் எஸ்-ஸோர் பாலைவனத்தில் ஒரு கட்டடத்தை இஸ்ரேல் விமானங்கள் அழித்தன. வட கொரிய உதவியோடு கட்டப்பட்ட அணு உலை என்று அமெரிக்கா பின்னர் சொன்னது. அணு உலையாக இருக்க மிகுந்த வாய்ப்புண்டு என்று அணுசக்தி முகமை 2011இல் கூறியது. 1981இல் செய்த அதே காரியம். ஆனால் இம்முறை பாதுகாப்பு கவுன்சில் வாயே திறக்கவில்லை. அரபு நாடுகள்கூட அடக்கி வாசித்தன. சிரியாவே அங்கே உலை எதுவும் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்ததால் ஓங்கிப் புகார் செய்யவும் வழியில்லை. இஸ்ரேல் தானே செய்ததாக ஒப்புக்கொண்டது 2018 மார்ச்சில்.

நாடுகளின் நடத்தையும் அதற்கு மற்றவர்கள் காட்டும் எதிர்வினையும் சேர்ந்துதான் சர்வதேச வழக்காறு உருவாகிறது. ஒன்றைச் செய்தால் யாரும் ஆட்சேபிப்பதில்லை என்றால், அடுத்தவருக்கு அது முன்னுதாரணம்.

பயங்கரவாதக் குழுக்களுக்கும் இதே விதிதானா?

இங்கேதான் உடனடி என்பதன் எல்லை மிக அதிகமாக நீண்டிருக்கிறது. 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு, குண்டு வைப்பவன் எல்லையில் படை திரட்டிக் காட்டிவிட்டு வருவதில்லை என்ற வாதம் வலுத்தது. அதில் நியாயமும் இருக்கிறது. ஒரு குழு ஏற்கெனவே அடித்திருக்கிறதா, மறுபடி அடிக்கத் திட்டமிடுகிறதா, பிறகு இப்படி ஒரு வாய்ப்பு கிடைக்குமா என்பதையெல்லாம் சேர்த்து 'உடனடி' என்பதைக் கணிக்கலாம் என்று அமெரிக்காவும் பிரிட்டனும் ஏற்றுக்கொண்டன. இடம் கொடுத்த நாட்டுக்கு அந்தக் குழுவை அடக்க மனமோ சக்தியோ இல்லையென்றால் அதன் எல்லைக்குள் போய் அடிக்கலாம் என்ற கோட்பாடும் கூடவே வளர்ந்தது.

ஆனால் குழுக்களுக்காகச் செய்த இந்தத் தளர்வு அங்கேயே நிற்கவில்லை. 2020 ஜனவரி 3 அன்று பாக்தாத் விமான நிலையம் அருகே ஈரான் ராணுவத் தளபதி சுலைமானியை அமெரிக்கா ட்ரோன் மூலம் கொன்றது. உடனடித் தாக்குதல் ஒன்றைத் தடுத்ததாக முதலில் சொன்னார்கள். என்ன தாக்குதல், எங்கே என்று கேட்டபோது பதில் நாளுக்கு நாள் மாறியது. கவுன்சிலுக்கு அனுப்பிய கடிதத்திலோ பழைய சம்பவங்களின் பட்டியல்தான் அதிகம்.

ரஷ்யா உக்ரைனில் செய்ததும் இதே வாதம்தானா?

ஒரு பகுதி ஆம். 2022 பிப்ரவரி 24 அன்று புதின் ஆற்றிய உரையைப் படித்தால், 51ஆவது பிரிவு இருக்கிறது, நேட்டோ நெருங்கி வருகிறது, இனியும் காத்திருந்தால் ஆபத்து, வேறு வழியில்லை என்பதெல்லாம் இருக்கிறது. பெல்கிரேடு, ஈராக், லிபியா என்று மேற்கு நாடுகள் செய்ததன் பட்டியலும் இருக்கிறது. மே 9 அணிவகுப்பில், முன்கூட்டியே பதிலடி கொடுத்தோம் என்றார். ஒரு நாட்டைச் சுற்றி வளைத்துத் தலைநகரை நோக்கிப் படையை அனுப்பியதற்கு இந்த வாதம் பொருந்தவில்லை என்பது வேறு. கியூபா நெருக்கடியில் அமெரிக்கச் சட்ட ஆலோசகர்கள் பயந்தது இதற்குத்தான்.

இம்முறை கண்டனம் வந்தது. மார்ச் 2 அன்று பொதுச்சபையில் 141 நாடுகள் கண்டித்தன, 5 எதிர்த்தன, 35 ஒதுங்கின. இந்தியாவும் இலங்கையும் ஒதுங்கியவற்றில் அடங்கும்.

2025இல் ஈரான் விஷயத்தில் புதிதாக என்ன நடந்தது?

தாக்குதலின் அளவும், அதற்கு வந்த எதிர்வினையும் புதிது. ஜூன் 13 அன்று இஸ்ரேல் தொடங்கியது. 22 அன்று அமெரிக்கா ஃபோர்டோ, நதான்ஸ், இஸ்பஹான் ஆகிய மூன்று இடங்களில் குண்டு போட்டது. 24 அன்று சண்டை நின்றது. ஈரானிடம் 60 சதவீதம் செறிவூட்டிய யுரேனியம் 400 கிலோவுக்கு மேல் இருந்தது. மின்சாரம் தயாரிக்க அவ்வளவு செறிவு தேவையில்லை. தாக்குதலுக்கு முந்தைய நாள்தான் அணுசக்தி முகமையின் ஆளுநர் குழு, ஈரான் கடமைகளை மீறியதாகத் தீர்மானம் போட்டிருந்தது. மறுபக்கம், ஆயுதம் செய்யும் திட்டமிட்ட முயற்சி நடப்பதற்கு எங்களிடம் சான்று இல்லை என்று அதே முகமையின் தலைவர் கிரோஸி சொன்னார். அமெரிக்காவும் ஈரானும் பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருந்தன. அடுத்த சுற்றுக்கு ஜூன் 15 தேதி குறித்திருந்தார்கள். வெப்ஸ்டர் கேட்ட 'வேறு வழியே இல்லை' என்பது இங்கே எங்கே இருக்கிறது?

ஜி7 நாடுகள் ஒன்றுகூடி, இஸ்ரேலுக்குத் தற்காத்துக்கொள்ள உரிமை உண்டு என்று அறிக்கை விட்டன. நமக்காகவும் சேர்த்து இஸ்ரேல் அழுக்கு வேலையைச் செய்கிறது என்று ஜெர்மன் பிரதமர் மெர்ஸ் பேசினார். கவுன்சிலில் தீர்மானம் எதுவும் நிறைவேறவில்லை. தாட்சரின் பேச்சையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 44 வருடத்தில் நடந்த பயணம் தெரியும். ஜூலை தொடக்கத்தில் ஈரான் அணுசக்தி முகமையோடு ஒத்துழைப்பை நிறுத்தி வைத்தது. ஆய்வாளர்கள் வெளியேறினார்கள். ஒசிராக் கதையின் இரண்டாம் பாதி நினைவுக்கு வந்தால் ஆச்சரியமில்லை.

இந்தியாவின் நிலைப்பாடு என்ன?

ஒன்றல்ல, இரண்டு. நாடுகள் நாடுகளைத் தாக்குவதில் பழைய அணிசேராக் கொள்கையின் சாயல் இன்னும் இருக்கிறது. 2003 ஏப்ரலில் ஈராக் போரைக் கண்டித்து மக்களவை தீர்மானம் நிறைவேற்றியது. வாஜ்பாய் அரசின் காலம் அது. படை அனுப்பச் சொல்லி அமெரிக்கா கேட்டதை அந்த ஜூலையில் மறுத்தார்கள்.

பயங்கரவாதம் என்று வரும்போது பேச்சு வேறு. 2019 பிப்ரவரி 26 அன்று பாலகோட்டில் குண்டு வீசிய பின் வெளியுறவுச் செயலர் விஜய் கோகலே வாசித்த அறிக்கையில், ஜெய்ஷ்-இ-முகமது அடுத்த தற்கொலைத் தாக்குதல்களுக்குத் தயாராவதாகத் தகவல் வந்தது, அதனால் ராணுவ இலக்கு அல்லாத இடத்தில் முன்கூட்டியே நடவடிக்கை எடுத்தோம் என்று இருந்தது. ஒவ்வொரு சொல்லும் எடை போட்டு வைத்தது. புல்வாமாவுக்குப் பழிவாங்கினோம் என்று மேடைகளில் பேசியது வேறு, அறிக்கையில் எழுதியது வேறு. பழிவாங்கலுக்குச் சட்டத்தில் இடமில்லை. 2021இல் மெக்சிகோ கூட்டிய ஐ.நா. கூட்டமொன்றில், முன்கூட்டியே நடவடிக்கை எடுக்கும் உரிமையை இந்தியா கொள்கையாகவே முன்வைத்தது. 2025 மே 7 அன்று ஆபரேஷன் சிந்தூர் பற்றி அப்போதைய வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரி பேசியபோதும், பதிலளிக்கும் உரிமையோடு முன்கூட்டித் தடுக்கும் உரிமையையும் சேர்த்தே சொன்னார்.

இந்த இரண்டு நிலைகளும் 2025 ஜூனில் முட்டிக்கொண்டன. இஸ்ரேலைக் கண்டித்த ஷாங்காய் கூட்டமைப்பின் அறிக்கையிலிருந்து இந்தியா விலகிக்கொண்டது. மூன்று வாரம் கழித்து ரியோவில், ஈரான் மீதான தாக்குதலைக் கண்டித்த பிரிக்ஸ் பிரகடனத்தில் சேர்ந்துகொண்டது. பிரகடனத்தில் தாக்கியவர் பெயர் இல்லை.

1971 டிசம்பர் 3 மாலை பாகிஸ்தான் விமானங்கள் பதான்கோட், அமிர்தசரஸ், ஆக்ரா எனப் பல விமானத் தளங்களை முந்தித் தாக்கியதையும் மறக்கக் கூடாது. 1967 இஸ்ரேல் பாணியை முயன்றார்கள். இந்திய விமானங்கள் பாதுகாப்பாக நிறுத்தப்பட்டிருந்ததால் சேதம் குறைவு. போர் பதின்மூன்று நாளில் வங்கதேசம் பிறந்ததோடு முடிந்தது.

மக்களைக் காப்பாற்றப் போவதும் இதில் சேருமா?

சேராது, அது தனிக் கணக்கு. கொசோவோ மக்களைக் காக்க என்று சொல்லி 1999இல் நேட்டோ யூகோஸ்லாவியா மீது குண்டு வீசியது அந்த வகை. நம் பக்கத்தில் 1987 ஜூன் 4 அன்று யாழ்ப்பாணத்தின் மேல் இந்திய விமானங்கள் போர் விமானங்களின் துணையோடு உணவுப் பொட்டலங்கள் போட்டதை நினைவில் வைத்திருப்பவர்கள் உண்டு. இறைமை மீறல் என்றது கொழும்பு. மனிதாபிமான உதவி என்றது டெல்லி. குண்டு விழவில்லை என்றாலும், அனுமதியில்லாமல் இன்னொரு நாட்டின் வானத்துக்குள் போனது போனதுதான்.

இப்படிப் போர் தொடுத்த தலைவரைத் தண்டிக்க முடியுமா?

ஏட்டில் முடியும். ஆக்கிரமிப்புக் குற்றத்தை விசாரிக்கும் அதிகாரம் 2018 ஜூலை 17 முதல் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு உண்டு. அமெரிக்கா, ரஷ்யா, சீனா, இஸ்ரேல், இந்தியா எதுவும் அதில் உறுப்பினர் இல்லை.

இதைத் தடுக்கப் பகை நாடுகள் தங்களுக்குள் ஏதாவது செய்துகொண்டதுண்டா?

உண்டு, அதுவும் நம் எல்லையிலேயே. ஒசிராக்குக்குப் பிறகு பாகிஸ்தானின் கஹுதா அணு நிலையத்தை இந்தியா அடிக்கப் போகிறது என்ற பேச்சு எண்பதுகளில் அடிக்கடி கிளம்பியது. 1988 டிசம்பர் 31 அன்று ராஜீவ் காந்தியும் பெனாசிர் பூட்டோவும் இஸ்லாமாபாதில் இருந்தபோது, ஒருவர் அணு நிலையங்களை மற்றவர் தாக்குவதில்லை என்ற ஒப்பந்தம் கையெழுத்தானது. 1991இல் நடைமுறைக்கு வந்தது. 1992 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 அன்று இரு நாடுகளும் தத்தம் அணு நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. கார்கில் போருக்கு அடுத்த ஜனவரியிலும், மும்பைத் தாக்குதல் முடிந்து ஐந்தே வாரத்தில் வந்த ஜனவரியிலும் பட்டியல் கை மாறியது. அதில் என்ன இருக்கிறது, என்ன விடுபட்டிருக்கிறது என்று சரிபார்க்க ஒப்பந்தத்தில் ஏற்பாடு இல்லை. பாலகோட் போன்ற தாக்குதல்களை அது தொடவும் இல்லை.